ஆலை வாயிலோடு நிற்கும் பீடி

சிவகாசிக்கு அருகே வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டை மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பொருள்களுள், சங்கு வளையல்களுக்கும் கண்ணாடி மணிகளுக்கும் நடுவே, சுடுமண்ணாலான புகைபிடிப்பான், அதாவது புகையை வாயால் இழுப்பதற்கான சிறு குழாய், தனிக் கவனத்துக்கு உரியது. அதில் எரிந்தது எந்த இலை என்பதற்கு அது புதைந்திருந்த மண்ணடுக்கின் காலமே விடை தர இயலும். ஏனெனில் புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முற்பட்ட குழாய் எனில் எரிந்தது வேறோர் இலையாகத்தான் இருக்க வேண்டும். நுண்கற்கருவிகள் செய்த காலந்தொட்டு மக்கள் வாழ்ந்த இம்மேட்டின் வரலாற்றோடு ஒப்பிட்டால், பாட்டன் காலத்துப் பழக்கம் என்று பீடிக்குக் கற்பிக்கப்படும் பழமை மிகக் குறுகியது. பிந்தி வந்த பழக்கத்தை விட்டுவிடுவதால் இம்மண் தன் மரபில் எதையும் இழக்கப்போவதில்லை.

பீடியைப் பற்றவைக்கும் தீக்குச்சியும் இங்கே பிந்தி வந்ததே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி, 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பட்டாசுத் தொழில் அதைத் தொடர்ந்து வளர்ந்தது. ஊரெல்லாம் பற்றவைக்கத் தீப்பெட்டி செய்து அனுப்பும் இவ்வட்டாரத்தின் பட்டாசு ஆலைகளுக்குள் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் இடமில்லை. அங்கே, கொஞ்சமாகப் புகைக்கலாம் என்ற பேச்சே எழுவதில்லை, ஒரு பொறியே போதும் என்பதை அனைவரும் அறிவர்.

இதயத்துக்கும் அவ்விதியே பொருந்தும். நிக்கோட்டின் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, உயிர்வளியைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினை உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது; நாளங்களின் உட்சுவர் கெட்டு, இரத்தம் எளிதில் உறைகிறது. நாளொன்றுக்கு ஒரே சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி உண்டு என்பது 2018இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பின் முடிவு. எனவே எண்ணிக்கையைக் குறைப்பது போதாது, முற்றாக விடுவதே காப்பு.

விட்டவுடன் பலன் தொடங்கிவிடுகிறது. இருபது நிமிடங்களில் நாடி தணிகிறது, ஒரு நாளுக்குள் கார்பன் மோனாக்சைடு இயல்புநிலைக்கு இறங்குகிறது, ஓராண்டில் இதயநோயின் கூடுதல் அபாயம் பாதியாகிறது. புகைக்கும் பழக்கமுள்ள ஆலைத் தொழிலாளி இதன் முதற்படிகளை ஒவ்வொரு பகலும் ஏறிவிடுகிறார். மாலையில் வாயிலைத் தாண்டியதும் பற்றவைக்கும் முதல் பீடி அந்த ஆதாயத்தை அழித்துவிடுகிறது. பகல் முழுதும் விட முடிந்தவருக்கு விடும் வலிமை ஏற்கெனவே உண்டு. மாலை நேரத்துத் தவிப்பைத் தாண்ட 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் உண்டு. உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக ஆலைக்குள் கடைப்பிடிக்கப்படும் விதி, திரும்பிய பின் அவ்வீட்டில் நெடுநாள் வாழ்வதற்காகவும் கடைப்பிடிக்கத் தக்கது.