மலையடிவாரத்துச் செங்காந்தள்

கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிய மலைச்சரிவுகளில் மழைக்குப் பிறகு புதர்மேல் தீக்கொழுந்து போலத் தெரியும் பூ, செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள்.

அடையாளம் எளிது. இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். நெளிந்த ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவப்பாகும். மண்ணுக்குள் கலப்பை வடிவக் கிழங்கு. அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பெயர். கண்வலிக்கிழங்கு என்றும் பெயர் உண்டு.

ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காக இதையே பயிரிடுகிறார்கள். மருந்தாகும் கோல்ச்சிசின்தான் இதன் விஷமும். வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சக் கிழங்கையும் எடுத்துச் செல்லுங்கள்.