பின்னம்

காவலர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்திக் காட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. வேருக்குள் சிக்கிய புத்தர் தலையைப் படமெடுக்க வெயிலில் வரிசை கட்டி வந்தவன் நான். நின்றபடியே எடுத்தால் என்ன? அவர் மறுபடி கையை அழுத்தினார். அப்புறம்தான் உறைத்தது. தலை தரையை ஒட்டி இருக்கிறது. நம் தலை அதற்கு மேலே இருக்கக் கூடாது. மூட்டு வலியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அரசமர வேர் முக்காடு மாதிரி முகத்தைச் சுற்றி இறங்கியிருக்கிறது. தாழ்ந்த இமை, மூக்கு, லேசாகச் சிரிக்கிற உதடு. அவ்வளவுதான் வெளியே.

இடம் அயுத்தயா, வாட் மஹாதாத் கோயில். பாங்காக்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வந்து, ஸ்டேஷனுக்கு எதிரே படகேறி ஆற்றைத் தாண்டினால் பழைய நகரம். அயோத்தியின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். 1350-இல் அதை உண்டாக்கிய அரசருக்கும் ராமாதிபதி என்றே பட்டம். 417 ஆண்டு தலைநகரமாக இருந்ததை 1767 ஏப்ரலில் பர்மியப் படை கொளுத்தியது. பிறகு பாங்காக் எழும்பியபோது மிச்சமிருந்த செங்கல்லும் படகேறிப் போயிற்று.

தாய்லாந்தில் ஸ்தூபியைச் 'செடி' என்கிறார்கள். சைத்தியம் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. இங்கே செடியின் இடுக்கிலெல்லாம் செடி முளைத்திருப்பதைப் பார்த்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் சொல்லிச் சிரிக்கத் தமிழ் ஆள் இல்லை.

சிரிப்பு அடுத்த சுற்றில் அடங்கிவிட்டது. மதிலை ஒட்டி வரிசையாகப் புத்தர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தலை இல்லை. சிலருக்குக் கையும் இல்லை. மடியும் முழங்காலும் மட்டும். கழுத்து இருந்த இடத்தில் செங்கல் தெரிகிறது, பூச்சு உதிர்ந்து. அதன் பின்னால் நின்று தன் தலையைப் பொருத்திப் படமெடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் செய்திருந்தால் பலகை வைத்திருப்பார்கள்!

எங்கள் ஊர்க் கோயிலில் துர்க்கைக்கு ஒரு விரல் உடைந்தது. ஒரே ஒரு விரல்தான். பின்னமான சிலைக்குப் பூஜை ஆகாது என்று புதுச் சிலை செய்து, பழையதைக் கொண்டுபோய் ஆற்றில் இறக்கினார்கள். அந்தக் கணக்கில் அயுத்தயா முழுவதையும் ஆற்றில் இறக்க வேண்டியதுதான். இங்கேயோ தலையில்லாத ஒரு மார்பின் குறுக்கே புத்தம்புதுக் காவித்துணி. மடியில் வாடாத சாமந்தி. ஒரு வயதான பெண்மணி ஊதுபத்தியைக் கொளுத்தி, இல்லாத முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, காற்றில் விலகிய துணியை இழுத்துச் செருகினார், குழந்தைக்குச் சட்டையைச் சரிசெய்வதுபோல.

தலைகள் எங்கே போயின? எல்லாப் பழியையும் பர்மியப் படைமேல் போட்டுவிடுவது சுலபம். பொன்னுக்காக அவர்கள் உடைத்தது உண்மை. ஆனால் அவர்கள் போன பிறகும் புதையல் தேடிகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். எதிரே இருக்கிற வாட் ராட்சபுரணவின் நிலவறையை 1957-இல் தோண்டிக் கொள்ளையடித்தவர்கள் உள்நாட்டுக்காரர்கள்தான். தப்பிய பொன் வாளும் மண்டியிட்ட பொன் யானையும் இப்போது ஊர் மியூசியத்தில் இருக்கின்றன. முழுப் புத்தரைச் சுமப்பது கஷ்டம். தலை என்றால் ஒரு சாக்குப்பைக்குள் அடங்கும். கடல் தாண்டிப் போய்க் கண்ணாடிப் பெட்டிகளில், பணக்காரர்களின் மேஜைகளில் உட்கார்ந்த அந்தத் தலைகளைப் பார்த்துத்தான் உலகத்துக்கு வெறும் தலை அழகாகத் தெரிய ஆரம்பித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்தது; வெண்கல நிறம் பூசிய பிளாஸ்டர். வாசல் பக்கத்து ஷெல்பில் இருக்கும். வெளியே போய்விட்டு வந்ததும் ஸ்கூட்டர் சாவியை அதன் கொண்டையில்தான் மாட்டுவேன்.