பிடி இல்லாத திருகு

மெர்சிங்கில் அப்பாவின் கார் பட்டறையில் இருந்தது சாதாரணத் திருகு ஜாக்கி. கையை எடுத்தாலும் கார் இறங்காது. மரைகளின் உராய்வே பிடித்துக்கொள்ளும். அப்போதும் கட்டை வைக்காமல் அப்பா அடியில் போகமாட்டார்.

இன்று ஜொகூர் பாருவில் நான் பழுதுபார்க்கும் சிஎன்சி இயந்திரங்களில் இருப்பது பால் ஸ்குரூ. தண்டுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டோடி, திரும்பும் பாதை வழியே மறுபடி வந்து சேரும். ஜாக்கித் திருகில் நாம் கொடுக்கும் சக்தியில் பாதிகூடப் பயன்படாது. இதில் சுமார் 90 விழுக்காடு பயன்படும்.

ஆனால், உராய்வு குறைந்ததும் பிடியும் போய்விடுகிறது. மின்சாரம் நின்றால், மேலே நிற்கும் பாரம் தண்டைச் சுழற்றிக்கொண்டு தானே இறங்கும். அதைத் தாங்குவது மோட்டாரின் பிரேக். அது தேய்ந்திருந்தால்?

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதுதான்: “தம்பி, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கட்டையை முட்டுக்கொடு. பிறகு கையை உள்ளே விடு.”