மனசு விலகி நிற்க வேண்டிய இடம்

மாரடைப்பும் பக்கவாதமும் வராமல் தடுக்க வழி தேடும் மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளர் வேலை என்னுடையது. சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் வட்டாரம் என் பொறுப்பு. செஞ்சா, ஃபஜார், பெட்டிர், பாங்கிட் என எல்ஆர்டி ரயில் சுற்றிவரும் புளோக்குகளில் ஆய்வில் சேர்ந்தவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வு இன்னும் முடியாததால் அதைப் பற்றி எழுத முடியாது. உதாரணத்துக்கு எடுப்பதெல்லாம் வெளிவந்த ஆய்வுகள்தான்.

எனக்கு வேலை பழக்கியவர் வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்த ஓர் அக்கா. "மருந்தைப் பத்தி அப்புறம் படிச்சுக்கலாம். முதல்ல நாற்காலியைப் பார்க்கக் கத்துக்கோ" என்றார்.

ரத்த அழுத்தம் அளக்க உட்காருகிறவருக்கு முதுகு சாய இடம் வேண்டும். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். புயத்தில் சுற்றிக் கட்டும் கஃப் அதன் பருமனுக்குப் பொருந்த வேண்டும். சின்னதை இழுத்துக் கட்டினால் அளவு கூடக் காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் கூடும், அரை மணிக்குள் காப்பி குடித்திருந்தாலும் கூடும். பேசினாலும் கூடும்.

ஃபஜாரில் ஓர் அம்மா. கஃப் காற்றடைக்கத் தொடங்கியதுமே தேக்காச் சந்தையில் வஞ்சிரம் விற்கிற விலையைச் சொல்ல ஆரம்பித்தார். 152. அக்கா அதைக் குறித்துக்கொண்டு, "அம்மா, அஞ்சு நிமிஷம் எனக்காகச் சும்மா இருங்க. அப்புறம் மீன் கதையை முழுசாக் கேக்குறேன்" என்றார். அடுத்தது 141, அதற்கடுத்தது 138. முதல் அளவை விட்டுவிட்டுப் பின்னிரண்டின் சராசரியைத்தான் கணக்கில் எடுப்போம். 141ஐ 140 என்று முழுசாக்கி எழுதக் கை துறுதுறுக்கும். அதைத்தான் முதலில் அடக்கச் சொன்னார் அக்கா. வேலை முடிந்ததும் வாக்குக் கொடுத்தபடி உட்கார்ந்து மீன் கதையையும் கேட்டார்.

இரண்டு மூன்று புள்ளிக்கா இத்தனை பாடு என்று எனக்குத் தோன்றியது உண்டு. பதில் கோப்ரா-பிபிஎஸ் ஆய்வில் கிடைத்தது. சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் தஸீன் ஜாஃபர் தலைமையில், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரை வைத்து நடந்தது. முடிவு 2020இல் வந்தது. பாதிச் சமூகங்களில், ஏற்கெனவே வீடுவீடாகப் போகும் அரசாங்க சுகாதார ஊழியர்களே ரத்த அழுத்தமும் பார்த்தார்கள், ஆலோசனையும் சொன்னார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் குடும்பநல மருத்துவ மாதர். மற்றப் பாதியில் வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டு வருஷத்தில் முதல் பாதியில் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது.

"அப்ப திட்டத்தோட பலன் 9 தானே?" என்று கேட்டேன். "இல்ல. அந்தப் பக்கம் ஒண்ணும் புதுசாச் செய்யாமலே 4 கிட்ட இறங்கியிருக்கு பாரு" என்றார் அக்கா. திட்டத்தின் பலன் 5 புள்ளிச் சொச்சம்தான். ஒப்பிட ஓர் அணி இல்லாமல் போயிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருமை பேசியிருப்பார்கள். அந்த 5 புள்ளியும் அளக்கிறவர் கைச்சுத்தமாக இருந்தால்தான் கண்ணில் படும்.

அடுத்த பாடம்தான் கடினமானது: யாரை எந்த அணியில் சேர்ப்பது என்பதில் என் மனசுக்கு வேலையே இல்லை. தனியாக இருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்தால், புது மருந்து இவருக்குக் கிடைத்தால் நல்லது என்று படும். மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார் என்று தோன்றும் ஆளைப் பார்த்தால், வேறு அணிக்குப் போகட்டுமே என்று படும். இரண்டுமே அக்கறைதான். ஆனால் நூறு ஒருங்கிணைப்பாளர்கள் இப்படி அக்கறை காட்டினால் ஓர் அணியில் நோயாளிகளும் மற்றதில் திடகாத்திரர்களும் சேர்ந்துவிடுவார்கள். கடைசியில் மருந்தைச் சோதித்தோமா, எங்கள் இரக்கத்தைச் சோதித்தோமா என்று யாருக்கும் தெரியாது. 1948இல் வெளிவந்த பிரிட்டிஷ் காசநோய் ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசின் யாருக்கு என்பதை ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில் முத்திரையிட்ட உறைகளுக்குள் வைத்தது இதற்காகத்தான். இன்று உறைக்குப் பதில் கணினி. சம்மதம் வாங்கி, தகுதி விவரம் பதிந்து, பொத்தானை அழுத்திவிட்டால் மாற்ற முடியாது.

பெட்டிரில் ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப கோயில்ல பூ கட்டிப் பார்க்கிற மாதிரின்னு சொல்லும்மா" என்றார். அக்கா சிரித்தார். "கிட்டத்தட்ட அதேதான் ஐயா. அங்க சாமி உத்தரவு குடுக்கும். இங்க யாருமே குடுக்கக் கூடாது, நான் உட்பட." பெரியவர் சற்று யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். யோசிக்காமல் போட்டிருந்தால் அக்கா இன்னொரு முறை விளக்கியிருப்பார்.

ஆயிரக்கணக்கில் ஆட்கள் எதற்கு என்பதை டிப்ஸ்-3 ஆய்வை வைத்துப் புரிந்துகொண்டேன். கேரளத்தில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் முன்னின்று நடத்தியது. சேர்ந்த 5,713 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியர்கள். ஒரு கொழுப்புக் குறைப்பு மருந்தையும் மூன்று ரத்த அழுத்த மருந்துகளையும் ஒரே மாத்திரைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். மற்ற அணிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சராசரியாக நாலரை வருஷத்துக்குப் பிறகு பார்த்தால், மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் போன்றவை போலி மாத்திரை அணியில் 5.5 சதவீதம், மருந்து அணியில் 4.4 சதவீதம். ஆயிரம் பேருக்கு 55, 44. நூறு நூறு பேரை வைத்து நடத்தியிருந்தால் ஐந்தாறு பேருக்கும் நாலைந்து பேருக்கும் உள்ள வித்தியாசம். அதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். 5,713 பேர் இருந்தும் அந்த முடிவு, தற்செயல் இல்லை என்று சொல்வதற்கான எல்லையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது.

அப்படி விளிம்பில் நின்றதற்கான காரணங்களில் ஒன்று எங்கள் வேலையோடு நேராகத் தொடர்புள்ளது. மாத்திரைத் தயாரிப்பிலும் விநியோகத்திலும் தாமதம், பிறகு கோவிட். முடிவதற்குள் பத்தில் நாலு பேருக்குக் குறையாமல் மாத்திரையை விட்டிருந்தார்கள். அவர்களைக் கணக்கிலிருந்து தள்ளவில்லை, தள்ளவும் கூடாது. எந்த அணியில் விழுந்தாரோ அந்த அணியிலேயேதான் கடைசிவரை எண்ண வேண்டும். மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு முடியாதவர்கள் அல்லது சலித்துப்போனவர்கள். அவர்களை நீக்கினால் உறைக்குள் வைத்துக் காப்பாற்றிய சமநிலை பின்வாசல் வழியாகப் போய்விடும்.

அக்கா அடிக்கடி சொல்வது: "மாத்திரையை விட்டவர் ஆய்வை விட்டவர் இல்ல." சேர்க்கும்போது பூட்டி வைத்த அக்கறையை எல்லாம் இங்கேதான் செலவழிக்க வேண்டும். மாத்திரை வேண்டாம் என்று கோபத்தில் போனை வைத்தவரிடம், "சரி அங்கிள், மாத்திரை வேணாம். எப்படி இருக்கீங்கன்னு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கேக்கலாமா?" என்று கேட்கத் தெரிய வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடவும் தெரிய வேண்டும், அது அவர் உரிமை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பயனில்லை. டவுன்டவுன் ரயிலேறித் தேக்காவுக்குப் போயிருப்பார்கள். தைப்பூசம், தீபாவளி வாரங்களில் தொந்தரவு கூடாது. ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குப் போனால் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவார்கள். அதனால் சேரும் அன்றே, அவர் சம்மதத்தோடு, மகள் நம்பரையும் ஊர் நம்பரையும் வாங்கி வைக்க வேண்டும். ஊரில் நெஞ்சுவலி வந்து படுத்திருந்தால், அந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வரவேண்டும். அது மாரடைப்புதானா என்று தீர்ப்பதும் நாங்கள் அல்ல. யார் எந்த அணி என்று தெரியாத மருத்துவர் குழு சீட்டைப் படித்துத் தீர்க்கும்.

இத்தனை ஒழுங்கோடு சேர்த்த எண்களையும் கூறுபோட்டால் கெடுத்துவிடலாம். 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று ஐயமின்றிக் காட்டியது அது. வயது, நோய் என்று பிரித்துப் பிரித்துக் காட்டச் சொன்னபோது, ஆய்வாளர்கள் குறும்பாக ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசிதான். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை! இதைச் சொன்னால் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டிருக்கும் அங்கிள்மார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் தவறாமல் கேட்பார்: "அப்ப நானும் தினம் ஒரு ஆஸ்பிரின் போடலாமா?"

மாரடைப்பு வந்தவருக்கு உதவும் மருந்து, வராத முதியவருக்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைத் தனியாகச் சோதித்தது ஆஸ்ப்ரீ. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நலமாக இருந்த 19,114 முதியவர்கள். 2018இல் வந்த முடிவு: ஆஸ்பிரின் அவர்களின் நல்வாழ்நாளைக் கூட்டவில்லை, கடும் ரத்தக்கசிவு 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆகக் கூடியது. ஆகவே அங்கிளிடம், "உங்க டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க, ஏற்கெனவே டாக்டர் சொல்லிப் போட்டுட்டிருந்தா நீங்களா நிறுத்தாதீங்க" என்பேன்.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் பழக்குகிறேன். ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தால் உடனே முடிவுரைக்குத் தாவுகிறார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கதி தெரியாமல் போனார்கள் என்று கட்டம் கட்டி ஒரு படம் இருக்கும், அதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஆயிரத்துக்கு 11 பேர் மருந்தால் தப்பினார்கள் என்று சொல்லும் ஆய்வில் ஆயிரத்துக்கு 50 பேரின் சேதி தெரியவில்லை என்றால், அந்த 11 எந்தப் பக்கத்துக்கும் சாயலாம். அந்த 50ஐக் குறைப்பது பேராசிரியர்கள் கையில் இல்லை, சாயங்காலம் போனை எடுத்து, "அங்கிள், சாப்பிட்டீங்களா?" என்று தொடங்குகிற எங்கள் கையில்தான் இருக்கிறது.