பைத்துல் லஹ்மில் ஒரு பிறப்புச் செய்தி



ஜெரூசலம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், குன்றுகளின்மீது அமைந்துள்ளது பைத்துல் லஹ்ம். கிறிஸ்தவப் பெருமக்கள் பெத்லகேம் எனப் போற்றும் ஊர் இதுவே. உலகை இரட்சிக்க ஒருவர் பிறந்தார் என்னும் செய்தி இங்கிருந்தே எழுந்தது என்பது அவர்களின் நம்பிக்கை. அச்செய்திக்கு மனித உள்ளங்கள் எவ்வாறெல்லாம் மறுமொழி தந்துள்ளன என்பதை அறிய, இவ்வூரின் நடுவேயுள்ள சதுக்கத்திற்கு வாருங்கள்.

சதுக்கத்தின் கிழக்கே நிற்பது பிறப்புத் தேவாலயம். நான்காம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டு, ஆறாம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்டது. இதன் வாயில் ஏறக்குறைய நான்கடி உயரமே கொண்டது. அரசராயினும் ஆண்டியாயினும் குனிந்தே நுழைய வேண்டும். உள்ளே, படியிறங்கிச் செல்லும் குகையின் பளிங்குத் தரையில், பதினான்கு முனைகளையுடைய வெள்ளி விண்மீன் பதிக்கப்பட்டுள்ளது. யாத்திரிகர்கள் அதன் முன் மண்டியிட்டு முத்தமிடுகின்றனர். தம் பாவச்சுமையை ஏற்க ஒருவர் வந்தார் என்னும் ஆறுதலே அவர்கள் தரும் மறுமொழி.

நம் மறுமொழி யாது? ஒவ்வோர் ஆன்மாவும் தன் வினைக்குத் தானே பொறுப்பு என நம்பும் நாம், ஈசா நபி (அலை) அவர்களை இரட்சகராகவோ இறைமகனாகவோ ஏற்பதில்லை. ஆயினும் அப்பிறப்பு நமக்கு அந்நியமானதன்று. திருக்குர்ஆனின் 19ஆவது அத்தியாயம் அன்னை மர்யம் (அலை) அவர்களின் பெயரையே தாங்கியுள்ளது. தனிமையில், பேரீச்ச மரத்தடியில் அவர் பட்ட பிரசவ வேதனையையும், அவருக்கு அல்லாஹ் அளித்த கனியையும் நீரையும், தொட்டிலில் பேசிய குழந்தையையும் அது எடுத்துரைக்கிறது. ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சிய ஒரு தாயின் கண்ணீரை இறைவன் அறிந்திருந்தான் என்பதே நம் இல்லத்துப் பெண்களுக்கு இப்பிறப்பு தரும் நற்செய்தி.

ஏழாம் நூற்றாண்டில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் இங்கு வந்து, தேவாலயத்தின் தென்பகுதியில், கிப்லாவை நோக்கித் தொழுதார்கள் என ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. முஸ்லிம்கள் இங்கே ஒவ்வொருவராகவே தொழ வேண்டும். ஜமாஅத்தாகத் தொழுவதோ பாங்கு சொல்வதோ கூடாது என எழுதிக் கொடுத்தார்களாம். இதனைப் பதிவு செய்தவர் முஸ்லிம் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவத் தலைமைக் குருவாக விளங்கிய சயீத் இப்னு பித்ரீக்.

சதுக்கத்தின் மேற்கே, 1860இல் கட்டப்பட்ட உமர் பள்ளிவாசல் நிற்கிறது. ஒருபுறம் மணியோசை, மறுபுறம் பாங்கோசை. காஸாவில் போர் மூண்ட 2023ஆம் ஆண்டின் டிசம்பரில் இச்சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் மரமும் இல்லை, விளக்கலங்காரமும் இல்லை. கொண்டாட்டங்களைத் துறந்த கிறிஸ்தவர்கள் வழிபாட்டை மட்டுமே நிறைவேற்றினர். துயருற்றோருடன் தாமும் துயருறுவதே அவ்வாண்டு அவர்கள் தந்த மறுமொழி.

சகோதர சகோதரிகளே! அண்டை வீட்டார் பலகாரத் தட்டுடன் வந்து இப்பிறப்புச் செய்தியைச் சொல்லும்போது, முகம் திருப்பவும் வேண்டாம். நம் கொள்கையை மறைக்கவும் வேண்டாம். மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிந்தவாறு அன்போடு எடுத்துச் சொல்வோம். தம் தொழுகையையும் விடாது, பிறர் ஆலயத்தையும் கவராது நின்ற உமர் (ரலி) அவர்களின் வழி அதுவன்றோ!