காத்திருந்த புட்டி

மதுவைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. என் பரிச்சயமெல்லாம் காப்பியோடு நின்றுவிட்டது. ஆனாலும், பிரான்சில் போர்தோ நகரத்து நண்பன் வீட்டில் பார்த்த சிவப்பு ஒயின் புட்டி ஒன்று என் மனத்தை விட்டு அகல மாட்டேன் என்கிறது.

நண்பன் புதுச்சேரிக்காரன். கல்லூரியில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சு. நான் படிப்பை நடுவில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தேன். அவன் பிரான்சுக்குப் போனான். அவன் தகப்பனார் பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்தவர். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். ஓய்வு பெற்றபின் போர்தோவிலேயே தங்கிவிட்டார்.

புட்டியின் பெயர் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட். வருஷம் 1982. அது விளையும் பொயாக் என்ற சிற்றூருக்கு நண்பன் என்னை அழைத்துப் போனான். குளிர்காலம். இலை உதிர்ந்த கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. கீழே மண்ணா அது? கூழாங்கல்!

"இதில் எள்ளுகூட முளைக்காதே!" என்றேன்.

"அதனால்தான் வேர் தண்ணீரைத் தேடி ஆழத்துக்கு ஓடுகிறது" என்றான்.

1855-இல், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பாரிஸ் கண்காட்சிக்காக இந்த வட்டார ஒயின்களைத் தரம் பிரித்தார்கள். மூத்தோனுக்குக் கிடைத்தது இரண்டாம் தரம். 118 வருஷம் பொறுத்து, 1973-இல்தான் முதல் தரத்துக்கு ஏறியது. சர்க்கார் ஆபீசில் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்கள் ஆறுதல் கொள்ளலாம்!

புட்டியில் அச்சிட்டிருக்கும் வருஷம், திராட்சை பறித்த வருஷம். 1982-இல் வெயில் நன்றாகக் காய்ந்து, பழம் முழுக்கப் பழுத்தது. 'இது மிருதுவான சரக்கு, நீடிக்காது' என்றார்கள் சில நிபுணர்கள். வக்கீலாக இருந்து ஒயின் விமரிசகரான அமெரிக்கர் ராபர்ட் பார்க்கர் மட்டும், நீடிக்கும் என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னதே பலித்தது. நல்ல ஒயின் புதிதில் பாக்கை மென்றாற்போல் துவர்க்குமாம். வருஷம் ஆக ஆக அடங்கிக் கனியுமாம். நம் வீட்டில் பழைய அரிசிக்கு இருக்கிற மரியாதை எனக்குத் தெரியும், ஆகையால் ஒப்புக்கொண்டேன்.

மகன் பிறந்த வருஷத்து ஒயின் என்று அந்தப் புட்டியை வாங்கி, அவன் கல்யாணத்தன்று திறப்பதாகச் சொல்லியிருந்தார் தகப்பனார். 2011-இல் மகன் தன் இஷ்டப்படி ஒரு பெண்ணை மணந்தான். அவர் வரவில்லை. ஒரே ஊரில் இரண்டு வீடு. ஒன்பது வருஷம் பேச்சில்லை. 2020-இல் அவர் காலமானார்.

அவருடைய நிலவறையைத் திறந்தபோது புட்டி இருந்தது. அதன் கழுத்தில் நூலால் கட்டிய ஒரு சீட்டு. அதில் மகன் பெயரும், பக்கத்தில் மருமகள் பெயரும் அவர் கையெழுத்தில் இருந்தன. அந்தப் பெண்ணின் பெயரை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நான் போயிருந்த இரவில்தான் அதைத் திறந்தார்கள். தக்கை பாதி உதிர்ந்து வந்தது. அடியில் தங்கிய வண்டல் கலங்காதபடி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து, வேறு குடுவைக்கு மெல்லச் சாய்த்தான் நண்பன். நான் ருசி பார்த்தேனா என்று வாசகர்கள் கேட்பார்கள். நாக்கை நனைத்தேன். துவர்ப்பு இருந்தது, ஆனால் கோபம் தணிந்த பெரியவரின் குரல்போல எங்கோ அடியில் இருந்தது.

"நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா மட்டும்..." என்று ஆரம்பித்த நண்பன் முடிக்கவில்லை. அவன் மனைவி அந்தச் சீட்டை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊரில் என் அண்ணாவோடு நான் பேசி அப்போது ஆறு வருஷம். விவகாரம் ஒரு கிணற்றடிச் சுவர். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நள்ளிரவு தாண்டியதும், ஊரில் அண்ணா பால் கறக்க எழுந்திருக்கும் நேரம் என்று கணக்குப் பார்த்து டெலிபோன் செய்தேன்.

"யாரு?"

"நான்தான் அண்ணா. பிரான்சிலிருந்து."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பசு மணியாட்டுவது மட்டும் கேட்டது.

"அங்கே பனி ஜாஸ்தியாமே, கம்பளி எடுத்துண்டு போனியோ?" என்றார் அண்ணா.