கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு தெரு

போன மாசம் மாட்டுக்கு வைக்கோல் தேடி கொள்ளிடத்துக்கு வடகரைப் பக்கம் போயிருந்தேன். திருமானூர் பாலம் தாண்டினா கொஞ்ச தூரத்துல ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் இருந்த ஊரு. இத்தாலியில பிறந்த பெஸ்கிதான் இந்த ஊருக்குத் திருக்காவலூர்னு பேர் வச்சு, அது மேல கலம்பகமும் பாடினாரு. நான் சொல்ல வந்தது அந்தப் பெரிய கோயிலைப் பத்தி இல்ல. அந்தச் சுத்துவட்டாரத்துல ஆத்தங்கரையை ஒட்டி ஒரு தெரு இருக்கு. 1989-லேருந்து ரெண்டு வருசம் அங்க நான் இரவுப் பள்ளி நடத்தினேன். அதுக்கப்புறம் இப்பதான் போறேன்.

அப்ப எனக்கு இருபது வயசு. பிளஸ் டூ முடிச்சிருந்தேன். பங்குச் சாமியார் ஒரு சைக்கிளும், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும், மாசம் கொஞ்சம் பணமும் கொடுத்தாரு. கோடையில மணல்ல நடந்தே ஆத்தைத் தாண்டிடலாம், வெள்ளம் வந்தா பாலத்தைச் சுத்தணும். ராத்திரி எழுத்து சொல்லிக் கொடுக்கணும். பிரசவ வலி வந்தா வண்டி பிடிக்கணும். மனு எழுதணும். ஞானஸ்நானம் வாங்க விரும்புறவங்க பேரையும் எழுதிக் கொடுக்கணும். இதுதான் ‘மிஷன் வேலை’.

சென்னையில இருக்கற நண்பர்கள் சிலபேர் கேக்கறாங்க: கோதுமைக்கும் பால் பவுடருக்கும்தானே அவங்க மதம் மாறினாங்கன்னு. நான் போன காலத்துல கோதுமையும் இல்ல, பவுடரும் இல்ல. அந்தத் தெருவுல வெளியாளு ஒருத்தன் திண்ணையில உக்காந்து அவங்க வீட்டுச் செம்புல தண்ணி வாங்கிக் குடிச்சதே அன்னைக்குச் செய்தி. அதுக்காக மாறினவங்களை நான் பாத்திருக்கேன். கோயிலுக்குள்ள வந்தப்புறம் எந்தப் பக்கம் உக்காரணும்னு ஒரு கணக்கு அங்கயும் இருந்துச்சு. அதையும் பாத்திருக்கேன். நானும் கிறிஸ்தவன்தான், ஆனா எங்க தெரு வேற.

இப்ப போனப்ப முதல்ல கண்ணுல பட்டது ஆறுதான். அப்பெல்லாம் மணல்ல முழங்கை ஆழம் தோண்டினா ஊத்துத் தண்ணி. பொம்பளைங்க சிரட்டையால மொண்டு குடத்துல ஊத்துவாங்க. லாரி லாரியா மணல் போனப்புறம் ஆத்துப் படுகை ரொம்பக் கீழே இறங்கிடுச்சு. கரையிலேருந்து பாத்தா பள்ளத்தாக்கு மாதிரி தெரியுது. நடுவுல களிமண் பாறையும் சீமைக் கருவேலும். தெருவுக்கு இப்போ போர் தண்ணி, டேங்க், குழாய். குடிசை ஒண்ணுகூட இல்ல, எல்லாம் காங்கிரீட்டு.

‘சார்தானே?’ன்னு ஒரு அம்மா வந்துச்சு. என்கிட்ட ‘அ’ எழுதின பொண்ணு. இப்ப அதுக்கு ஐம்பது இருக்கும். அவங்கப்பா 1990-ல குடும்பத்தோட ஞானஸ்நானம் வாங்கினாரு. பட்டியல்ல பேர் எழுதினது நான்தான். அவரு தம்பி, ‘நீ போ அண்ணே, நான் அய்யனாரை விட மாட்டேன்’னு நின்னுட்டாரு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இன்னைக்கும் ஒரே சுவருதான்.

அந்தச் சுவருக்கு அந்தாண்ட இருக்கற தம்பியோட பேத்தி அரசாங்க வேலைக்குப் போயிட்டா. இந்தப் பக்கம் இருக்கற பொண்ணு, அதே தேர்வை அவளோட சேர்ந்து எழுதி, ரெண்டு கேள்வி கூடவே சரியா போட்டும் கிடைக்கல. அவளுக்கு எஸ்.சி. சான்றிதழ், இவளுக்கு பி.சி.

நகரத்துல பல பேருக்கு இது தெரியாது, அதனால சொல்றேன். 1950-ல குடியரசுத் தலைவர் போட்ட ஆணைப்படி இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதி. 1956-ல சீக்கியர்களைச் சேர்த்தாங்க. 1990-ல பௌத்தர்களைச் சேர்த்தாங்க. நான் அங்க பாடம் சொல்லிக்கிட்டிருந்த வருசம் அது. அடுத்தது நமக்குத்தான்னு தெருவே பேசிக்கிட்டுச்சு. வரல. 2007-ல ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், மதத்தைப் பாக்காம கொடுக்கலாம்னு சொல்லிச்சு. 2022-ல கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில இன்னொரு கமிஷன் போட்டாங்க. 2023-ல நம்ம சட்டசபை தீர்மானமும் போட்டுச்சு. 2024-ல புதுச்சேரிப் பொண்ணு ஒருத்தி வழக்குல, ஞானஸ்நானம் வாங்கிக் கோயிலுக்கும் போய்க்கிட்டு எஸ்.சி. சான்றிதழ் கேக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வன்கொடுமைச் சட்டமும் இவங்களுக்குக் கிடையாது. ஊருக்குள்ள அடிக்கிறவன் மட்டும் ‘நீ எந்த மதம்’னு கேட்டுட்டு அடிக்கறதில்ல.

எங்க சாதி முன்னாடியும் பி.சி., கிறிஸ்தவனா இருந்தாலும் பி.சி. எனக்கு ஒண்ணும் குறையல. இவங்களுக்குத்தான் குறைஞ்சது. சாதி போகும்னு வந்தாங்க. சாதி போகல, அதோட வந்த சலுகை மட்டும் போச்சு.

தெருவுல பாதி வீடு இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல செல்வி, கோயில்ல செலின். தாள்ல இந்து, ஞாயித்துக்கிழமை பூசை. யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கறதில்ல. இந்த அம்மாவோட அப்பா அப்படிச் செய்ய ஒத்துக்கலையாம். ‘ஒரு ஆளுக்கு ஒரு பேரு போதும்’னாராம். இதை ஏமாத்து வேலைன்னு சொல்றவங்க, அந்தத் தெருவுல ஒரு வருசம் குடியிருந்துட்டு வந்து சொல்லட்டும்.

அம்மா ஒரு ஃபைலைக் கொண்டாந்து என் மடியில வச்சுது. பொண்ணு இந்து மதத்துக்குத் திரும்பறதுக்கான தாளுங்க. ‘நீங்க படிச்சுப் பாருங்க சார், எனக்கு எழுத்து தெரியும், ஆனா இந்தத் தமிழ் புரியல.’ சத்தமா படிச்சேன். ‘எவருடைய தூண்டுதலுமின்றி எனது சொந்த விருப்பத்தின் பேரில்’னு இருந்துச்சு.

‘எங்கப்பாகிட்ட அன்னைக்குச் சாமியாரு இதையேதானே சார் கேட்டாரு? சொந்த விருப்பந்தானான்னு?’

‘ஆமாம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன்.’

‘அது நெசமா சொந்த விருப்பம் சார். அவரு கல்லறையில சிலுவை நட்டிருக்கு. இது எவ விருப்பம்?’

பொண்ணு வாசப்படியில சாஞ்சு நின்னுக்கிட்டு, ‘அம்மா, சாமி எதுவும் மாறப் போறதில்ல, தாளுதான் மாறுது. அடுத்த தேர்வு வர்றதுக்குள்ள போடணும்’னா. கோபமா சொல்லல. பல தடவை சொல்லிச் சலிச்ச குரலு. அப்புறம் என்னைப் பாத்து, ‘நீங்க என்ன சார் சொல்றீங்க?’ன்னு கேட்டா.

உன் தாத்தா இருந்தா திட்டுவாரு, ஆனா உன் பரிச்சையை அவரு வந்து எழுத மாட்டாரும்மா, நீயே முடிவு பண்ணுன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கல. டீ கொண்டாந்து வச்சுது, முகத்தைத் திருப்பிக்கிட்டே. பொண்ணு என் மடியிலேருந்து ஃபைலை எடுத்து, மாதா படத்துக்குக் கீழ இருந்த அலமாரியில வச்சா. நேத்து போன் பண்ணிக் கேட்டேன், இன்னும் கையெழுத்துப் போடலையாம்.